மதினியின் மனப்பாடம்

நியூ ஜெர்சியில், பிரிட்ஜ்வாட்டர் கோயில் கேன்டீனில் ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் குரலைத்தான் கேட்டேன்.

"ஏப்பா, பொங்கல்ல இன்னொரு கரண்டி வையி. சாமி பாத்துக்கிட்டு இருக்கு, கையச் சுருக்காத."

அப்பட்டமான மதுரைப் பேச்சு. அருப்புக்கோட்டையை விட்டு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்த எனக்கு அதைக் கேட்டதுமே பாதி வயிறு நிறைந்துவிட்டது. நம்ம ஊர்ப் பக்கத்து அம்மா யாரோ என்று எட்டிப் பார்த்தால், வரிசையில் எனக்கு முன்னால் நெடுநெடுவென்று ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி நிற்கிறார். கத்தரிப்பூ நிறத்தில் சுங்குடிச் சேலை, அதன் மேல் முழங்கால் வரை கம்பளிக் கோட்டு, இடது காதில் பஞ்சு. அசடு வழிய நின்றேன்.

அவர் கணவர் மதுரைக்காரர். எஞ்சினியரிங் படிக்க ரஷ்யா போனவர், பட்டத்தோடு இவரையும் கூட்டிக்கொண்டு ஊர் திரும்பினார். தெற்கு மாசி வீதியில் மாமியார், நாத்தனார், கொழுந்தன் என்று ஒரு படைக்கு நடுவில் ஆறு வருஷம் குடும்பம் நடத்தியதில் இவருக்குத் தமிழ் வந்தது. அதற்குப் பிறகுதான் நியூ ஜெர்சி. அன்று நான் மரியாதையாக "ஆன்ட்டி" என்று கூப்பிட்டேன். இங்கே பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவோம்.

"ஆன்ட்டியா? நான் என்ன ஒனக்குப் பள்ளிக்கூட டீச்சரா? இந்தா நிக்கிறாரே, இவரு ஒனக்கு அண்ணன். அப்ப நான் யாரு? மதினின்னு கூப்பிடு."

பக்கத்தில் தட்டோடு நின்ற அண்ணன் சிரித்தார். அன்றிலிருந்து எங்கள் கூட்டம் முழுவதற்கும் அவர் ரஷ்யா மதினி. அவருக்கு அழகான பெயர் ஒன்று உண்டு. அதை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

ஏனென்றால் மதினிக்குக் காகிதமே ஆகாது. எதையும் எழுதி வைக்க மாட்டார். பொங்கல் விழா வந்தால் நாற்பது வீட்டில் யார் புளியோதரை, யார் வடை, எந்தப் பிள்ளைக்கு முந்திரி ஒத்துக்கொள்ளாது, போன வருஷம் யாருடைய அடுக்கு யார் வீட்டில் தங்கிப்போயிற்று, எல்லாம் தலைக்குள்ளேயே இருக்கும். என் மனைவி செல்வி ஒருமுறை அதையெல்லாம் கோடு போட்டு அழகாக எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மதினி வாங்கி மேலிருந்து கீழே ஒரு தடவை படித்தார். பிறகு நாலாகக் கிழித்தார், எட்டாகக் கிழித்தார், பாத்திரம் கழுவுகிற தண்ணீரில் முக்கிப் பிசைந்து குப்பையில் போட்டார்.

"கையெழுத்து முத்து முத்தா இருக்குடி ஒனக்கு," என்றார்.

செல்வி வீடு வந்து சேரும் வரை காரில் புலம்பிக்கொண்டே வந்தாள். விழாவன்று பார்த்தால் ஒரு வடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நம் வீடுகளில் ஃப்ரிட்ஜ் கதவைப் பார்க்க முடியாது. பள்ளிக்கூட மெனு, பல் டாக்டர் அப்பாயின்ட்மென்ட், பிள்ளை வரைந்த யானை என்று மூடியிருக்கும். மதினி வீட்டு ஃப்ரிட்ஜ் கதவு மொட்டையாக இருக்கும். கடை ரசீதைக்கூட வாசலைத் தாண்டுவதற்குள் கிழித்துவிடுவார். விசித்திரமான பொம்பளை என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டோம். சொன்னதில் எனக்கும் பங்கு உண்டு.

ஒரு இலையுதிர் காலத்தில் அண்ணன் திடீரென்று கண்ணை மூடிவிட்டார். மதினிக்குக் கார் ஓட்டத் தெரியாது. இத்தனை வருஷமும் அண்ணன்தான் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வந்தார். இந்த ஊரில் கார் ஓட்டத் தெரியாவிட்டால் கடுகு வாங்கக்கூட அடுத்தவர் தயவு வேண்டும். மதினி வேலை பார்த்த பரிசோதனைக்கூடம் என் ஆபீசுக்கு இரண்டு கட்டடம் தள்ளி. "எங்க வீட்டுக்காரர் தினமும் அந்தப் பக்கம்தான மதினி போறாரு," என்று செல்வி என்னைக் கேட்காமலேயே வாக்குக் கொடுத்துவிட்டாள். காலையில் காபி இறங்கி அரை மணி நேரம் ஆகும் வரை என்னிடம் யார் பேசினாலும் எரிந்து விழுவேன். அது தெரிந்தும் வாக்குக் கொடுத்தாள் மகராசி.

நல்லவேளை, மதினி பேசவில்லை. மிதித்தார். 287 நெடுஞ்சாலையில் ஏறியதிலிருந்து இறங்கும் வரை வலது காலால் தரையை மிதித்துக்கொண்டே வந்தார். தூரத்தில் சிவப்பு தெரிந்தால் மிதி, முன்னால் போகிற லாரி கொஞ்சம் தயங்கினால் மிதி. ரொம்பப் பயந்துவிட்டால் தமிழ் மறந்துபோய் ரஷ்யனில் ஏதோ முணுமுணுப்பார். சிக்னலில் நின்றால், "பச்சை விழுந்துருச்சு மதினி, மேல போறேன்" என்று நான் சொன்னால்தான் காலை எடுப்பார். மூன்று மாதத்தில் அந்த இடத்துக் கார்பெட்டில் பள்ளமே விழுந்துவிட்டது.

"அங்கிட்டு பிரேக் இல்ல மதினி," என்றேன் ஒருநாள்.

"இருந்தா நல்லாருக்கும்ல," என்றார். "நீ சூதானமா ஓட்டு. நான் பாட்டுக்கு மிதிச்சுக்கிறேன்."

எங்களுக்குள் சண்டை வந்தது அந்த முதல் குளிர்காலத்தில்தான். எனக்கு கிரீன் கார்டு இன்டர்வியூ குறித்திருந்தார்கள். வக்கீல் போனில் சொன்ன தேதி, நேரம், கட்டடம், மாடி, என்னென்ன பேப்பர் வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒரு கவரின் முதுகில் கிறுக்கி, கியர் பக்கத்தில் வைத்திருந்தேன். பெட்ரோல் பங்கில் காபி வாங்க இறங்கினவன் திரும்பி வந்து பார்த்தால் மதினி மடியில் பொடிப்பொடியாகக் காகிதம். ஜன்னலை இறக்கி வெளியே குப்பைத் தொட்டியில் போட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் அவர் வயது, துக்கம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

"என்ன மதினி பண்ணி வச்சிருக்கீங்க? ஏழு வருஷமா நாய் மாதிரி காத்துக் கிடக்குறேன். கிறுக்குப் பிடிச்சிருக்கா உங்களுக்கு?"

மதினி என்னைப் பார்க்கவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டு, கோயிலில் அர்ச்சனைக்குப் பேர் சொல்வதுபோல் நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தார். தேதி. காலை எத்தனை மணி. எந்தத் தெரு, எத்தனையாவது மாடி. இரண்டு போட்டோ. கல்யாண சர்டிபிகேட் ஒரிஜினல். மூலையில் நான் தலைகீழாக எழுதியிருந்த வக்கீல் நம்பர். கடைசியில், "உப்பு, கருவேப்பிலை, டயப்பர்னும் எழுதியிருந்த. அது செல்வி சொன்னதாக்கும்," என்றார்.

நான் வண்டியை எடுத்தேன். சாலை முழுக்கப் பனிமூட்டம். முன்னால் போகிற வண்டிகளின் சிவப்பு விளக்குகள் மட்டும் மிதந்துகொண்டு போயின. "மன்னிச்சுக்கங்க மதினி," என்றேன். அவர் அதைக் காதில் வாங்கினாரா தெரியாது. பனியைப் பார்த்துக்கொண்டே சொல்லத் தொடங்கினார்.

அவருடைய அம்மாவுக்கு ஆறு வயது இருக்கும்போது, அம்மாவின் அப்பாவை அரசாங்க ஆட்கள் வந்து கூட்டிப் போனார்கள். ரயில்வே ஸ்டேஷனில் தந்தி அடிக்கிறவர். என்ன குற்றம் என்று அவருக்கும் தெரியாது, கூட்டிப் போனவர்களுக்கும் தெரிந்திருக்காது. கைதிகளை ஏற்றிய ரயிலின் இடுக்கு வழியாக அவர் ஒரு கடிதத்தை வெளியே எறிந்திருக்கிறார். முன்பின் தெரியாத யாரோ தண்டவாள ஓரத்தில் அதைப் பொறுக்கி, பதினாறு நாள் கழித்துக் கொண்டுவந்து கதவுக்கடியில் தள்ளிவிட்டுப் போனார்கள். அந்தக் காகிதம் வீட்டில் அகப்பட்டால் குடும்பத்தோடு போக வேண்டியதுதான். பாட்டியும் அம்மாவும் அடுப்படியிலேயே மூன்று நாள் உட்கார்ந்து அதை ஒப்பித்து ஒப்பித்து மனப்பாடம் செய்தார்கள். மூன்றாம் நாள் பாட்டி அதை அடுப்பில் போட்டார். தாத்தா திரும்பி வரவே இல்லை. அதற்கப்புறம் அந்த வீட்டில் எந்தக் காகிதமும் தங்கவில்லை.

"எங்க அம்மா எனக்குச் சொன்னாக. நான் மதுர வந்தபெறகு ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை போன்ல சொல்லுவேன். அவுக கேட்டுத் திருத்துவாக. அம்மா போனபெறகு ஒங்க அண்ணன் கேட்டாரு. இப்ப அவரும் இல்ல." முன்னால் ஒரு லாரி தயங்க, தரையை மிதித்தார். "ஒத்த ஆளு வச்சிருந்தா தேஞ்சு போகும்ப்பா. ரெண்டாவது ஆளு வேணும். நீ படிச்சுக்கிறியா?"

"எனக்கு ரஷ்யன் ஒரு வார்த்தை தெரியாது மதினி. அர்த்தம் புரியாம எப்படி?"

"ஒன் கல்யாணத்துல அய்யரு சொல்லச் சொல்ல மந்திரம் சொன்னியே, அதுக்கு அர்த்தம் தெரியுமா?"

"தெரியாது."

"அர்த்தம் தெரியாம பொண்டாட்டியவே கட்டிக்கிட்ட ஆளு நீ. இது வெறும் கடுதாசிதானப்பா."

இரண்டு குளிர்காலம், போகும்போது நாற்பது நிமிஷம், வரும்போது நாற்பது நிமிஷம் அவர் சொல்லச் சொல்ல நான் சொன்னேன். மொத்தம் நாலு நிமிஷக் கடிதம். முதலில் நாக்கு புரளவில்லை. அப்புறம் வைப்பர் போகிற போக்கில் அதுவும் போக ஆரம்பித்தது. மழை நாளில் வைப்பர் இடது பக்கம் போகும்போது ஒரு வரி, வலது பக்கம் வரும்போது ஒரு வரி. சில நாள் ஆபீஸ் வாசலில் நிறுத்திய பிறகுதான் இவ்வளவு தூரம் நான் ஓட்டி வந்தேனா என்று தோன்றும். ஒரு வார்த்தைகூடப் புரியாமல் ஒரு மனிதரின் குரலுக்குள் உட்கார்ந்திருந்தது எனக்குப் பிடித்திருந்தது. காபியைக்கூட மறந்தேன்.

அதில் எனக்கு ரொம்பப் பிடித்த வரி ஒன்று இருந்தது. முக்கால் பாகம் தாண்டி வரும். "க்ராஸ்னி, க்ராஸ்னி, தர்மஸீ." மற்ற வரிகளெல்லாம் நீளமாக இழுத்துக்கொண்டு போக, இது மட்டும் தாளம் போட்டாற்போல் இருக்கும். பெரியவர் உணர்ச்சிவசப்பட்டு எழுதிய இடம் என்று நானே முடிவு செய்து, குரலைக் கொஞ்சம் உயர்த்தி, உருக்கமாகச் சொல்வேன். அந்த இடம் வந்தால் மதினி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். தோள் குலுங்கும். அழுகிறார் பாவம் என்று நான் அவசரமாக அடுத்த வரிக்குப் போய்விடுவேன்.

"தப்பா சொல்றேனா மதினி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"இல்லப்பா. சரியாத்தான் இருக்கு. அப்படியே வச்சுக்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தக் கடுதாசில எங்க வீட்டு ஆளுக எல்லாரும் இருக்காக, தெரியுமா?" என்றார். கடிதத்தில் எல்லாரையும் விசாரித்திருப்பார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் மகள் நீனாவுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. நீனா இங்கே பிறந்தவள். தமிழில் திட்டினாலும் புரியும், ரஷ்யனில் திட்டினாலும் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும். பதினாறு வயதில் அம்மா அடுப்படியில் தனியாக ஒப்பித்துக்கொண்டிருந்ததை அவள் போனில் ரெகார்ட் பண்ணிவிட்டாள். நல்ல எண்ணத்தில்தான் செய்தாள். மதினி அதைப் பார்த்துவிட்டு, அழிக்கும் வரை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அழித்துவிட்டு நீனா சொன்னாளாம், "அப்படின்னா அது உன்னோடயே சாகட்டும்மா" என்று. பிறகு படிக்க கலிஃபோர்னியா போய், அங்கேயே சான் ரமோனில் வேலையும் வாங்கிக்கொண்டாள். வாரா வாரம் பேசுவாள். ஆனால் கடிதத்தைப் பற்றி இருவரும் வாயே திறந்ததில்லை.

"இது அமெரிக்கா மதினி. இங்க எவன் வந்து கடுதாசியத் தேடப்போறான்? எழுதி அவ கையில குடுத்துருங்களேன்," என்றேன்.

"எங்க தாத்தாவும் அப்படித்தான், நம்மள எவன் தேடி வரப்போறான்னு இருந்தாரு." அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "அவளாக் கேட்டா நீ சொல்லு. கேக்காட்டி விட்டுரு. வாங்கிக்கிற ஆளு வேணும்னு கேக்கணும்ப்பா. தலையில கட்டக் கூடாது."

மூன்றாவது குளிர்காலத்தில் ஒருநாள் பார்க்கிங்கில் என் போன் உயிரை விட்டுவிட்டது. செல்வி நம்பரை மதினியிடம் கேட்டேன். சொன்னார். அவர் போனில் அடித்தால் யாரோ ஒரு கிழவர் எடுத்தார். கடைசி எண் ஒன்று மாறியிருந்தது. மதினி நம்பர் தப்பாகச் சொல்கிறாரா? அதற்கு அடுத்த வாரம் கடிதத்தில் ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார். நான் எடுத்துக் கொடுத்தேன். "எனக்குத் தெரியாதா?" என்று சீறினார். மறுநாள் அதே வரி மறுபடி நழுவியது. நான் எடுத்துக் கொடுக்க, அவர் மெதுவாகக் கூடச் சொன்னார். அன்று அவர் சீறவில்லை. சீறியிருந்தால் தேவலை என்று இருந்தது.

வேலையை விட்டார். வாரத்துக்கு இரண்டு நாள் டாக்டரிடம் கூட்டிப் போனேன். ஒருநாள் இறக்கிவிட்டுத் திரும்பியபோது அவர் இருக்கையில் ஒரு சின்னச் சீட்டு கிடந்தது. கோட்டுப் பையிலிருந்து விழுந்திருக்க வேண்டும். மாமியார் சொல்லிக் கொடுத்த கோணல்மாணல் தமிழ் எழுத்து. மேலே என் பெயர். அதன் கீழே, "கார் ஓட்டுறவன். நம்ம ஆளு."

வாழ்க்கையில் ஒரு காகிதத்தைத் தங்கவிடாத மனுஷி, என்னை மறந்துவிடக் கூடாது என்று எழுதி வைத்திருந்தார். நான் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். யாரும் பார்க்கவில்லை, அதனால் ஒப்புக்கொள்கிறேன். மறுநாள் அதை அவர் கோட்டுப் பையிலேயே திரும்ப வைத்தேன். அவர் வழக்கப்படி நான் அதைக் கிழித்திருக்கலாம்தான். எனக்குத் தைரியம் வரவில்லை.

அதன்பின் எல்லாம் சீக்கிரம் நடந்தது. முதலில் ஆங்கிலம் போயிற்று. பிறகு தமிழ் போயிற்று. ரஷ்யனும் துண்டு துண்டாகி, கடைசியில் மதினி பேச்சையே நிறுத்திவிட்டார். நினைவு தப்பினவர்களைப் பார்த்துக்கொள்கிற இல்லம் ஒன்றில் நீனா சேர்த்தாள். மாதம் ஒருமுறை சான் ரமோனிலிருந்து பறந்து வந்தாள். நான் சனிக்கிழமைகளில் போவேன். மதினி சக்கர நாற்காலியில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பார். மேப்பிள் மரம், அதற்கு அந்தப் பக்கம் கார்கள். பஞ்சை மட்டும் யாராவது இடது காதில் வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கையால் காதைத் தேடிக்கொண்டே இருப்பார்.

ஒரு சனிக்கிழமை நீனாவும் இருந்தாள். இரண்டு பேரும் அவருக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவராக உட்கார்ந்திருந்தோம். அவள் அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னாள், "நான் அன்னிக்குச் சொன்னேன் அங்கிள், உன்னோடயே சாகட்டும்னு. சொன்னபடியே ஆயிருச்சு. அதுல என்ன இருந்துச்சுன்னு எனக்கு ரெண்டு வரிகூட ஞாபகம் இல்ல."

அவளாகக் கேட்க வேண்டும். முதல் வரியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டேன்.

"அம்மா அத வேற யாருக்காவது சொல்லியிருப்பாங்களா? டூ யூ நோ எனிபடி, அங்கிள்?"

"எனக்குத் தெரியும்மா," என்றேன்.

"யாருன்னு தெரியுமா?"

"கடுதாசி தெரியும்."

அவள் நம்பவில்லை. அருப்புக்கோட்டைக்காரன், ரஷ்யனில் நன்றி சொல்லக்கூடத் தெரியாது, எப்படி நம்புவாள்? ஆனால் ஒன்று செய்தாள். கையிலிருந்த போனை அணைத்து, பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள். பிறகு நாற்காலியை என் பக்கம் நகர்த்தினாள். நான் கண்ணை மூடிக்கொண்டு, கையில் ஸ்டியரிங் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

ஒரு வரி சொல்வேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டுவிட்டு, உடைந்த குரலில் ஆங்கிலத்தில் அர்த்தம் சொல்வாள். இத்தனை வருஷம் என் வாயில் இருந்தது என்ன என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முழுதாக இங்கே எழுத மாட்டேன். கொஞ்சம் மட்டும் சொல்கிறேன், மதினி மன்னிக்கட்டும். நான் நலம். குளிர் கூடிக்கொண்டே போகிறது, அதனால் வடக்கே போகிறோம் என்று நினைக்கிறேன். என் நல்ல கோட்டை விற்றுவிடு, மடித்து வைத்துப் பூச்சிக்குக் கொடுக்காதே. சின்னவளுக்கு இடது காதுக்குக் குளிர் ஆகாது, பஞ்சு வைக்காமல் வெளியே விடாதே. நான் மதினியின் காதைப் பார்த்தேன். நீனாவும் பார்த்தாள்.

அடுத்த வரியைச் சொன்னதும் அவள் நெற்றியைச் சுருக்கினாள். "பால் பொங்குது, பாரு?" என்றாள். "கைதி ரயில்ல ஏது அங்கிள் பால்?"

எனக்கென்ன தெரியும்? யோசித்தாள். பிறகு மெதுவாக, "அது அவர் எழுதினதில்ல. பாட்டியோட அம்மா அடுப்படியில சொன்னது," என்றாள். ஆறு வயதுப் பெண் கேட்டதை எல்லாம் கடிதம் என்று நினைத்துப் படித்திருக்கிறாள்.

மேலே போனோம். என்னைப் பற்றி யாராவது கேட்டால் தெரியாது என்று சொல், அது பொய்யில்லை. அடுத்த வரி: சத்தமாப் பேசு, ஒண்ணும் கேக்கல. நீனா இந்தத் தடவை கேட்கவில்லை. "ஃபோன்," என்றாள். "ஞாயித்துக்கிழமை. என் பாட்டி." சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மதினிக்கு இவை யாருடைய வரிகள் என்று நன்றாகத் தெரிந்திருக்கும். தெரிந்தேதான் எடுத்துப் போடாமல் வைத்திருந்திருக்கிறார்.

பிறகு என் அருமை வரி வந்தது. வழக்கம்போல் குரலை உயர்த்தி, உருக்கமாகச் சொன்னேன். "க்ராஸ்னி, க்ராஸ்னி, தர்மஸீ."

நீனா என்னையே பார்த்தாள்.

"சிவப்பு, சிவப்பு, பிரேக் போடு," என்றாள்.

இரண்டு குளிர்காலம் அவ்வளவு உருக்கத்தோடு நான் ஒப்பித்தது அதுதான். ஜன்னல் பக்கம் திரும்பிய மதினியின் தோள் குலுங்கியது அழுகையால் அல்ல. சிரித்திருக்கிறார். என் காரில், என் பக்கத்தில் உட்கார்ந்து, பெரியவரின் கடிதத்துக்குள் தன் குரல் ஏறிக்கொண்டதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, அப்படியே வச்சுக்க என்று சொல்லியிருக்கிறார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க அங்கிள்," என்றாள் நீனா. சொன்னேன். அவள் பார்வை கீழே போனது. நானும் பார்த்தேன். சக்கர நாற்காலியின் கால்தட்டில் மதினியின் வலது கால் அழுந்தியிருந்தது. முகத்தில் ஒன்றும் இல்லை. கண் மேப்பிள் மரத்தில் இருந்தது. கால் மட்டும் விரல் வெளுக்கும்படி மிதித்துக்கொண்டிருந்தது.

நீனா அந்த வரியைத் தானே சொல்லிப் பார்த்தாள். அதற்கு மேல் சொல்ல வரவில்லை. அம்மாவின் பாதத்தைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மதினி காலை எடுக்கவில்லை. எத்தனை நேரம் என்று தெரியாது. காரில் சொல்வதைத்தான் சொன்னேன்.

"பச்சை விழுந்துருச்சும்மா. மேல போ."

நான் அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தேன், நீனா தொடர்ந்தாள். எனக்காகக் காத்திருக்காதே. காத்திருந்தால் கோபித்துக்கொள்ள மாட்டேன். கடிதம் முடிந்தது. மதினியின் கால் தளர்ந்து பழையபடி இருந்தது.

அந்தப் பனிக்காலம் முடிவதற்குள் மதினி போய்விட்டார். கோட்டுப் பையில் என் பெயர் எழுதிய சீட்டு இருந்ததாக நீனா சொன்னாள். அதை அவரோடேயே அனுப்பிவிட்டாள். எனக்கு வேலை மாறி, இப்போது டெக்ஸாஸில் ஆலனில் இருக்கிறேன். இங்கே பனியும் இல்லை, மூட்டமும் இல்லை. கார்பெட்டில் பள்ளம் விழுந்த அந்தக் காரை மட்டும் செல்வி எவ்வளவு சொல்லியும் விற்கவில்லை.

நீனா ஞாயிற்றுக்கிழமைதோறும் சான் ரமோனிலிருந்து கூப்பிடுகிறாள். எழுதிக்கொள்ளவில்லை, ரெகார்ட் பண்ணவில்லை. அவள் சொல்வாள், நான் கேட்டுத் திருத்துவேன். போன ஞாயிறுதான் முதல் தடவையாக ஆரம்பத்திலிருந்து கடைசி வரை நான் எடுத்துக் கொடுக்காமல் சொன்னாள். கோட்டு, காது, பால், சத்தமாப் பேசு, எல்லாம் அதனதன் இடத்தில் வந்தன. சிவப்பு வந்தது, பிரேக் வந்தது. அதை அடுத்து ஒரு மூச்சு விட்டுவிட்டு, அதே ராகத்தில், அவள் வாயில் நான் கேட்டே இராத தமிழில் சொன்னாள்.

"பச்சை விழுந்துருச்சும்மா. மேல போ."

சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாள். நான் திருத்தவில்லை.